“கருத்துதானே சொன்னேன்” என்றவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

வாய்க்கால்கரை:
இணையத்தில் பெண்களைத் திட்டுவது கருத்துரிமையா, அதற்குச் சட்டம் வேண்டுமா என்று எல்லோரும் பொதுவாகவே பேசுகிறீர்கள். எனக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மே 1 கிராம சபை. மேல்நிலைத் தொட்டி கழுவியதாகக் கணக்கு எழுதியிருக்கிறார்களே, எப்போது கழுவினார்கள் என்று கேட்டேன். மொத்தம் 47 விநாடி. என் சேனலில் போட்டேன். அதுவரை என் வீடியோ எதுவும் முந்நூறு பேரைத் தாண்டியதில்லை, இது மூன்று நாளில் எண்பதாயிரம். கமெண்டுகள் எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். தொட்டியைப் பற்றிப் பேசியவர்கள் நான்கு பேர். மற்றதெல்லாம் என் துப்பட்டா, என் கல்யாணம், என் சாதி, அப்புறம் இங்கே எழுத முடியாதவை.

அதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது ஒன்று இருக்கிறது. இரவு ஒன்றரை மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தால் திண்ணையில் வெளிச்சம். அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, என் பழைய போனில் ஒவ்வொரு கமெண்டாக ரிப்போர்ட் அழுத்திக்கொண்டிருந்தார். காரணம் கேட்டு ஒரு பட்டியல் வருமே, அங்கே மாட்டிக்கொண்டிருக்கிறார். “இது வெறுப்புப் பேச்சுல வருமாம்மா, தொந்தரவுல வருமாம்மா?” என்று கேட்டார். முப்பத்திரண்டு வருடம் தமிழாசிரியராக இருந்தவர். அந்தக் கமெண்ட் என் கண்ணில் படாதபடி போனைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டே கேட்டார்.

குமரன்79:
என்னுடையது இவ்வளவு பெரிதில்லை. பத்தாம் வகுப்பு வாட்ஸப் குரூப், நான்தான் அட்மின். 112 பேரில் பெண்கள் 9. தினமும் காலையில் மனைவி ஜோக் வரும், உங்கள் குரூப்பிலும் வருமே, அதேதான். ஒருநாள் ஒரு தோழி, “டேய் போதும்டா, என் பசங்களும் இந்த போனைப் பாக்குறாங்க” என்று போட்டாள். உடனே பத்துப் பேர் பாய்ந்தார்கள். ஜோக்கை ஜோக்காக எடு என்று ஒருவன். குரூப் பேரை மகளிர் மன்றம் என்று மாற்றிவிடலாமா அட்மின் என்று இன்னொருவன். அதற்கு நான் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டேன்.

அடுத்த வரி, அவள் வெளியேறினாள் என்று சாம்பல் நிறத்தில். பொதுத் தேர்வுக்கு முன்னால் எனக்கு அம்மை போட்டு மூன்று வாரம் படுத்திருந்தபோது, தம்பியிடம் நோட்டுகளைக் கொடுத்தனுப்பியவள் அவள்தான். அந்தப் பொம்மையை இப்போது அழிக்கவும் முடியாது, நேரம் கடந்துவிட்டது.

நெல்லை அப்பாவி:
குமரன் சார், ஜோக் சொன்னவனையும் தூக்கி உள்ளே வைக்கச் சொல்வீர்கள் போலிருக்கிறது. நான் நிஜமாகவே ஸ்டேஷனுக்குப் போனவன். எங்கள் வார்டு கவுன்சிலர் ஒரு பெண். எங்கள் தெரு ரோடு ஆறு மாதமாகக் குழி. எழுதினேன். பெண்ணை இழிவுபடுத்திவிட்டேன் என்று புகார். காலை 11 மணிக்கு உட்காரவைத்து, விளக்குப் போட்ட பிறகுதான் விட்டார்கள். இனி இப்படி எழுத மாட்டேன் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். அவர்கள் கொடுத்த பேனா எழுதவில்லை. நானே என் பேனாவை எடுத்து எழுதினேன். என் பேனாவாலேயே!

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66ஏ என்று ஒரு பிரிவு இருந்ததே, மறந்துவிட்டீர்களா? 2012 நவம்பரில் சிவசேனைத் தலைவர் பால் தாக்கரே இறந்தபோது மும்பை ஏன் ஸ்தம்பிக்க வேண்டும் என்று ஃபேஸ்புக்கில் கேட்ட, மகாராஷ்டிரத்தின் பால்கர் ஊர்ப் பெண்ணையும், அதற்கு லைக் போட்ட பெண்ணையும் கைது செய்தார்கள். பெண்களைக் காப்பாற்றுகிறேன் என்று நீங்கள் கேட்கும் சட்டம் முதலில் பெண்களைத்தான் பிடிக்கும். 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது சும்மா இல்லை.

ராஜி தஞ்சாவூர்:
அப்பாவி தம்பி, பாதிக் கதையோடு நிறுத்திவிட்டீர்கள். பால்கருக்கு ஒரு மாதம் முன்னால், அதே 2012 அக்டோபரில், பாடகி சின்மயி ட்விட்டரில் வந்த ஆபாசத்துக்காகச் சென்னை போலீசில் புகார் கொடுத்தார். கைதானவர்கள் மீது போட்டதும் அதே 66ஏதான், கூடவே பெண்கள் துன்புறுத்தல் தடைச் சட்டம். “எரிச்சலூட்டும்” என்பதையெல்லாம் குற்றமாக்கிய பிரிவு அது. ஒழிந்தது நல்லதே. ஆனால் ஆபாசமாகத் திட்டுவது உரிமை என்று அந்தத் தீர்ப்பு சொல்லவே இல்லை. பேச்சுரிமைக்கு வரம்பு சொல்லும் அரசியலமைப்பின் 19(2)ல் அவதூறும் இருக்கிறது, கண்ணியமும் இருக்கிறது. “ஃபார்வர்டுதான் பண்ணினேன்” என்பதும் எடுபடாது. பெண் பத்திரிகையாளர்களைப் பற்றி 2018ல் ஒரு பதிவைப் பகிர்ந்த நடிகர் எஸ்.வி.சேகருக்கு 2024 பிப்ரவரியில் சென்னை நீதிமன்றம் ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தது.

என் அனுபவம் ஒரு வரிதான். என் படத்தை வெட்டி ஒட்டிப் பரப்பியிருந்தார்கள், புகார் கொடுக்கப் போனேன். “டிபில ஏம்மா சொந்த போட்டோ வெச்சீங்க?” என்றார் எழுதிக்கொண்டிருந்தவர். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அப்பாவியை ஒரு நாள் முழுக்க உட்காரவைத்தார்களே, எனக்கு ரசீதே இரண்டாம் நாள்தான் கிடைத்தது.

குமாஸ்தா:
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். முப்பது வருடமாக வக்கீல் ஆபீசில் இருப்பவன். வாய்க்கால்கரை அவர்களே, அப்பாவை ரிப்போர்ட் அழுத்துவதை நிறுத்தச் சொல்லுங்கள். கமெண்ட் போய்விட்டால் சாட்சியும் போய்விடும். முதலில் ஸ்கிரீன்ஷாட். தேதி, நேரம், எழுதியவரின் பெயர் தெரிய வேண்டும். கமெண்டின் லிங்க்கைத் தனியாக எழுதிவைக்க வேண்டும், படம் மட்டும் இருந்தால் போலி என்பார்கள். பிறகு தேசிய சைபர் குற்றத் தளத்தில் பெண்கள், குழந்தைகள் என்று தனிப் பகுதி இருக்கிறது, அதில் பெயர் சொல்லாமலும் புகார் தரலாம். 1930 என்ற உதவி எண் பெரும்பாலும் பண மோசடிக்கு, அங்கே போய் நேரத்தை வீணாக்காதீர்கள். பெண்ணை இழிவுபடுத்தும் சொல்லுக்குப் புகாரில் இ.பி.கோ. 509 என்று எழுதாதீர்கள், 2024 ஜூலை 1 முதல் அது புதிய சட்டமான பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 79. விடாமல் பின்தொடர்ந்து தொல்லை கொடுத்தால் 78. ராஜி மேடம் போல மார்ஃபிங், அதாவது படத்தை வெட்டி ஒட்டியது என்றால் நேராக அந்தச் சமூக ஊடக நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளிலேயே அதை நீக்க 24 மணி நேரம்தான் கெடு வைத்தார்கள். எல்லாவற்றையும் பென்டிரைவில் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வீட்டில் வைக்காதீர்கள்.

என் அனுபவமா? என் மகள் கணக்கை மூடிவிட்டாள். ஏன் என்று இன்னும் சொல்லவில்லை.

வாய்க்கால்கரை:
நன்றி சார். அப்பாவி அண்ணா, ஒன்று கேட்கலாமா? கவுன்சிலரைப் பற்றி என்னதான் எழுதினீர்கள்? அப்படியே போடுங்களேன்.

நெல்லை அப்பாவி:
ரோட்டைப் பற்றித்தான். குழி, டெண்டர், எந்த மாதம் பில் பாஸானது எல்லாம்.

வாய்க்கால்கரை:
அவ்வளவுதானா?

நெல்லை அப்பாவி:
கடைசியில் ஒரு வரி. “வேலை தெரியாவிட்டால் போய் அடுப்பைப் பார்க்கட்டும்.” கோபத்தில் வந்தது. பேச்சுவழக்குதானே?

வாய்க்கால்கரை:
எனக்கு வந்த கமெண்டுகளில் கொஞ்சம் மரியாதையானவை எல்லாம் இதே வரிதான் அண்ணா. டெண்டர் கதையை மட்டும் போட்டிருந்தால் நானே பகிர்ந்திருப்பேன். அதற்காக உங்களை ஒரு நாள் முழுக்க உட்காரவைத்ததும் அநியாயம். கவுன்சிலருக்கு அந்த ஒரு வரி கிடைத்துவிட்டதே, இனி குழிக்கு யார் பதில் சொல்வார்கள்?

நெல்லை அப்பாவி:
இன்னும் போடவில்லை ரோடு.

குமரன்79:
தோழிக்குத் தனியாக மன்னிப்புக் கேட்டு அனுப்பினேன். இரண்டு நீல டிக். பதில் இல்லை.

ராஜி தஞ்சாவூர்:
அப்பா எப்படி இருக்கிறார்?

வாய்க்கால்கரை:
சேனல் செட்டிங்கில் தடைச்சொல் பட்டியல் உண்டு என்று தம்பி சொல்லிக்கொடுத்திருக்கிறான். நாம் போடும் சொல் வந்தால் அந்தக் கமெண்ட் நிறுத்திவைக்கப்படும். ஆனால் ஒவ்வொரு எழுத்துக்கூட்டலையும் நாமே கொடுக்க வேண்டும். அப்பா பழைய டயரியில் எழுத ஆரம்பித்துவிட்டார். வேற்றுமை உருபு ஏறினால் சொல் மாறுமே என்று ஒவ்வொன்றுக்கும் எட்டு வடிவம். அவர்கள் தப்பும் தவறுமாக எழுதுவதால் தப்பையும் சேர்த்து. ஒற்று மிகும் இடத்தில் பழக்கதோஷத்தில் திருத்திவிடுகிறார், பிறகு அடித்துவிட்டுத் தப்பாகவே எழுதுகிறார். நேற்று வரை 65 சொற்கள். அம்மா பார்த்துவிடக் கூடாது என்று டயரியைப் பஞ்சாங்கத்துக்கு அடியில் வைத்திருக்கிறார்.