உடம்பு சரியில்லாத வயதான நாய் இருக்கும்போது குட்டி வாங்கலாமா?

கேள்வி:
எங்கள் மணிக்கு 12 வயது. சிறுநீரகக் கோளாறு, இடுப்பில் மூட்டுவலி. எழுந்திருக்க முதலில் முன்னங்காலை ஊன்றி, கொஞ்சம் நின்று, அப்புறம்தான் பின்பக்கத்தைத் தூக்குகிறான். குட்டி வந்தால் உற்சாகமாகிவிடுவான் என்கிறாள் மகள். எனக்கும் ஆசைதான், ஆனால் கடைசிக் காலத்தில் அவன் நிம்மதியைக் கெடுத்துவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்:
வேண்டாம் என்பேன். குட்டி காதைக் கடிக்கும், மேலே ஏறி விழும். விலகிப் போக முடியாத நாய் உறுமத்தான் செய்யும். அப்போது அதைத் திட்டவும் கூடாது. உறுமலை அடக்கினால் அடுத்து நேரே கடிதான்.

பதில்:
நாங்கள் வாங்கினோம், நல்லபடியாகவே போனது. எங்கள் கிழவிக்கு இதயத்தில்தான் கோளாறு, நடமாட்டம் இருந்தது. நடுவில் தடுப்புக் கதவு வைத்தோம். உங்கள் விஷயத்தில் சாப்பாடுதான் பெரிய சிக்கல். சிறுநீரக உணவில் பாஸ்பரஸும் புரதமும் குறைவு, வளரும் குட்டிக்கு அது பத்தாது. குட்டியின் உணவோ மணிக்கு ஆகாது. தட்டு மாறாமல் தினமும் காவல் இருக்க வேண்டும். குட்டிக்குக் குடற்புழு மருந்து, 16 வாரம் வரை தடுப்பூசித் தவணைகள் வேறு.

பதில்:
முதலில் மணியின் வலியைக் கவனியுங்கள். மனிதர்களுக்கான வலி மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். அவன் சிறுநீரகத்துக்கு எது தாங்கும் என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். வழுக்கும் தரையில் பாய் விரித்தாலே நடை தேறும்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி. விலகிப் போகிற தெம்பு மணிக்கு இல்லை. சரி, குட்டி இப்போது வேண்டாம். மகளிடம் இன்று ராத்திரியே பேசிவிடுகிறேன்.