புரதம் முழுக்க பெல்லட்டிலேயே போகிறது, ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் என்ன எழுதுவது?

பயோகெம்_மூன்றாமாண்டு:
பி.எஸ்சி. உயிர்வேதியியல் கடைசி வருடம். ஒரு பாக்டீரிய நொதியை ஹிஸ்-டேக் (நிக்கலில் ஒட்டும் ஹிஸ்டிடின் வால்) போட்டு ஈ.கோலை பாக்டீரியாவின் பிஎல்21(டிஈ3) செல்லில் உற்பத்தி செய்து, நிக்கல் ரெசினில் பிரித்து, கேஎம் மதிப்பு (நொதி பாதி வேகத்தில் இயங்கத் தேவையான சப்ஸ்ட்ரேட் அளவு) கண்டுபிடிக்க வேண்டும். புரதம் தயாரிக்கத் தூண்ட (இண்டக்‌ஷன்) 37 டிகிரியில் 1 மில்லிமோலார் ஐபிடிஜி கொடுக்கிறோம். ஜெல்லில் தடித்த பேண்ட் வருகிறது, ஆனால் செல்களை ஒலியலையால் உடைத்து (சோனிகேட் செய்து) சென்ட்ரிஃபியூஜில் சுற்றிப் பார்த்தால் அத்தனையும் பெல்லட்டில், அதாவது அடியில் படியும் வண்டலில். கல்லூரி பிராக்டிகலில் மணி அடிப்பதற்குள் விடை வந்துவிடும், இங்கே வாரக்கணக்கில் ஒன்றுமில்லை. சாருக்கு நேரமில்லை, பிஎச்.டி. அக்காவிடம் திரும்பத் திரும்பக் கேட்கக் கூச்சம். எனக்கு இந்த வேலை வராதோ என்று பயமாக இருக்கிறது.

ஜெல்_அண்ணா:
தடித்த பேண்ட் வருகிறதென்றால் இண்டக்‌ஷன் நன்றாகவே நடக்கிறது, பயப்படாதே தங்கச்சி. அந்தச் செல்லில் மரபணுவைப் படியெடுக்கும் டி7 பாலிமரேஸ் படுவேகம், 37 டிகிரியில் புரதம் மடங்குவதற்குள் அடுத்தடுத்து வந்து குவிந்து ஒன்றோடொன்று ஒட்டி இன்க்ளூஷன் பாடி (கரையாத புரதக் கட்டி) ஆகிவிடும். ஓடி அளவு (கல்ச்சரின் கலங்கல்) 0.6 வந்ததும் கல்ச்சரை 18 டிகிரிக்கு இறக்கு, அது நன்றாகக் குளிர்ந்த பிறகு 0.1 மில்லிமோலார் ஐபிடிஜி கொடுத்து இரவு முழுக்க ஷேக்கரில் விடு. ஆனால் அதற்கு முன்னால் ஒன்று பார்க்க வேண்டும்: உடையாத செல்லும் பெல்லட்டில்தான் போய் உட்காரும். சோனிகேட் செய்ததில் ஒரு துளி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார். அப்புறம், பஃபரில் ஈடிடிஏ இருந்தால் ரெசினில் உள்ள நிக்கலையே பிடுங்கிவிடும், அதையும் கவனி.

மடிப்பு_ஆர்வலர்:
18 டிகிரியிலும் கரையவில்லை என்றால் பெல்லட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 8 மோலார் யூரியாவில் கரைத்தாலும் ஹிஸ்-டேக் நிக்கலில் ஒட்டும், பிறகு யூரியாவை மெல்ல மெல்லக் குறைத்து மடங்க விடலாம். யூரியாவில் அவிழ்ந்த ரிபோநியூக்ளியேஸ் தானாகவே மீண்டும் மடங்கும் என்று காட்டியதற்குத்தான் ஆன்ஃபின்சனுக்கு 1972இல் நோபல் கிடைத்தது. எல்லாப் புரதமும் அவ்வளவு சமர்த்தாக மடங்காது என்பதும் உண்மை.

ஜெல்_அண்ணா:
சரிதான், ஆனால் இளங்கலை மாணவிக்கு அதை முதலில் சொல்ல மாட்டேன். மடங்காத பகுதி செயல்படாமல் கூடவே கலந்திருந்தால் கேகேட் (நொதி வேலை செய்யும் வேகம்) குறைவாகத் தெரியும், அந்த எண்ணை நம்ப முடியாது.

முனைவர்_அக்கா:
கூச்சத்தைப் பற்றி நான் சொல்கிறேன்மா. "வரவில்லை அக்கா" என்று வெறுங்கையோடு போனால் அவருக்கும் எங்கே தொடங்குவது என்று தெரியாது. இண்டக்‌ஷனுக்கு முன், பின், மொத்த லைசேட் (உடைத்த செல் கலவை), சூப்பர்நேட்டன்ட் (மேலே நிற்கும் தெளிந்த நீர்), பெல்லட், ஃப்ளோத்ரூ (ரெசினில் ஒட்டாமல் வழிந்தது), வாஷ், எல்யூஷன் (ரெசினிலிருந்து கழற்றி எடுத்தது) எல்லாவற்றையும் ஒரே ஜெல்லில் ஓட்டி, அந்தப் படத்தோடு போய் நில், பத்து நிமிடத்தில் பேசி முடித்துவிடலாம். எங்கள் ஆய்வகத்துக்கு வரும் இளங்கலைப் பிள்ளைகளில் நான் மிகவும் மதிப்பது இப்படி வருபவர்களைத்தான். ரிப்போர்ட்டில் 37 டிகிரி ஜெல்லையும் 18 டிகிரி ஜெல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுது. கேஎம் கிடைக்காவிட்டாலும் அது முழு ரிப்போர்ட்தான், வைவாவில் கேள்வி கேட்க ஆசிரியர்களுக்கும் நிறைய இருக்கும்.

பயோகெம்_மூன்றாமாண்டு:
ரொம்ப நன்றி. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தோம், செல்கள் நன்றாகவே உடைந்திருக்கின்றன, அப்படியானால் இன்க்ளூஷன் பாடிதான். பிஎச்.டி. அக்காவே 18 டிகிரி ஷேக்கரை வெள்ளிக்கிழமை இரவுக்கு எழுதி வைத்துவிட்டார். வாஷில் இமிடசோல் (ஹிஸ்-டேக்கை நிக்கலிலிருந்து கழற்றும் பொருள்) எவ்வளவு போடலாம்?

ஜெல்_அண்ணா:
20 மில்லிமோலாரில் தொடங்கு, எல்யூஷனுக்கு 250. ஃப்ளோத்ரூவைக் கொட்டிவிடாதே, ஜெல் பார்க்கும் வரை ஃப்ரிட்ஜில் இருக்கட்டும்.