ரான் அராட் கலைஞரா, இல்ல ஃபேக்டரி டிசைனரா?

கேள்வி:
டிசைன் படிக்கிறேன். லண்டன் டிசைனர் ரான் அராட் ஒரு பக்கம் ஆர்ட் கேலரிக்கு ஒத்தை ஒத்தையா நாற்காலி பண்றார், இன்னொரு பக்கம் கார்ட்டெல் மாதிரி கம்பெனிக்கு பிளாஸ்டிக் ஐட்டம் பண்றார். ரெண்டுல எது அவரோட உண்மையான வேலை? ஏதாவது ஒண்ண தேர்ந்தெடுத்துத்தான் ஆகணுமா?

பதில் 1:
தம்பி, அவரோட புக்வார்ம் புத்தக அலமாரிய பாருங்க. 1993ல லண்டன் ஒர்க்‌ஷாப்ல ஸ்பிரிங் மாதிரி வளையுற எஃகுத் தகட்டுல பண்ணது, அதையே அடுத்த வருஷம் கார்ட்டெல் பிவிசி பிளாஸ்டிக்க உருக்கி அச்சு வழியா நீளமா தள்ளி விக்க ஆரம்பிச்சாங்க, வளைவு எப்படி இருக்கணும்னு வாங்குறவரே சுவத்துல மாட்டும்போது முடிவு பண்ணிக்கலாம், அதனால ஃபேக்டரில ஒரே மாதிரி வந்தாலும் ரெண்டு வீட்டுல ஒரே மாதிரி இருக்காது. எஃகுல விளையாடாம இருந்திருந்தா இந்த யோசனை வந்தே இருக்காதுங்கறது என் எண்ணம்.

பதில் 2:
முதல் பதில் சரி. டாம் வேக் நாற்காலியும் அப்படித்தான், 1997ல மிலான்ல அலுமினியத்துல காட்டினது, பிறகு விட்ராங்கற ஃபர்னிச்சர் கம்பெனி பிளாஸ்டிக்ல போட்டாங்க. நாற்காலி முழுக்க ஓடுற அந்த வரிவரியான மடிப்பு வெறும் அழகுக்கு இல்ல, மெல்லிசான தகடு மாதிரி இருக்கிற உடம்புக்கு விறைப்பு தர்றதே அதுதான்.

பதில் 3:
ஆனா எல்லாமே அப்படி ஃபேக்டரி ஐட்டமா மாறாதுங்க. 1981ல பழைய ரோவர் கார் சீட்டையும் இரும்புக் குழாயையும் சேத்துப் பண்ண ரோவர் நாற்காலிக்கு கழிச்சுப்போட்ட சீட்டு கிடைச்சாத்தான் வேலையே, அதை எப்படி லட்சக்கணக்குல பண்றது? நீங்க முதல்ல வெல்டிங் கத்துக்கோங்க, மோல்டு போடுற இடத்துலயும் கொஞ்ச நாள் நில்லுங்க.