‘பிணைப்பெண்ணம்’: ஒப்பந்தச் சட்டச் சொல்லுக்கு ஒரு முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

‘இன்டென்ஷன் டு கிரியேட் லீகல் ரிலேஷன்ஸ்’, அதாவது மீறினால் சட்டப்படி பொறுப்பேற்க வேண்டும் என்று கருதியே ஓர் உடன்பாட்டைச் செய்யும் எண்ணம். இதற்குத் தமிழில் இந்த இழையில் இதுவரை வந்த சொற்கள்: சட்ட உறவு நோக்கம், ஒப்பந்த நோக்கம், சட்டப் பிணை எண்ணம். மூன்றையும் வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன், மூன்றுமே இடறுகின்றன. ‘பிணைப்பெண்ணம்’ என்று வைக்கலாம் என்பது என் கருத்து.

முதலில் ‘சட்ட உறவு’. இந்தச் சொல் அடிக்கடி தேவைப்படுவது குடும்ப வழக்குகளில். 1919-இல் தீர்ப்பான பால்ஃபர் வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கையில் அரசுப் பணியில் இருந்த கணவர், உடல்நலம் காரணமாக இங்கிலாந்தில் தங்கிவிட்ட மனைவிக்கு மாதம் 30 பவுண்டு தருவதாகச் சொன்னார். பிறகு இருவரும் பிரிந்தார்கள். சொன்ன பணத்தைக் கேட்டு மனைவி வழக்குப் போட்டார். கீழ் நீதிமன்றத்தில் வென்றார், மேல்முறையீட்டில் தோற்றார். சேர்ந்து வாழும் கணவனும் மனைவியும் வீட்டுச் செலவு பற்றிப் பேசி முடிவு செய்வது, நாளை நீதிமன்றத்தில் போய்க் கேட்கலாம் என்ற நினைப்பில் அல்ல என்பதே தீர்ப்பின் சாரம். இதைத் தமிழில் ‘அவர்களிடையே சட்ட உறவு நோக்கம் இல்லை’ என்று எழுதினால், திருமணமே செல்லாது போலிருக்கிறது என்றுதான் படிப்பவர் நினைப்பார். திருமணம் செல்லும். அந்த வாக்குக்குத்தான் சட்ட வலு இல்லை.

‘ஒப்பந்த நோக்கம்’ வேறு விதமான சிக்கல். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, ஒப்பந்தம் எதற்காகச் செய்யப்படுகிறதோ அது சட்டத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும் என்கிறது. அந்த ‘எதற்காக’வைத்தான் நாம் நோக்கம் என்று சொல்லி வருகிறோம். ஒரே பாடநூலில் ஒரே சொல் இரண்டு வேலை செய்தால் மாணவர் தடுமாறுவார்.

‘பிணை’ என்றதும் ஜாமீன்தான் நினைவுக்கு வரும். ‘பிணைப்பு’ என்று நீட்டினால் அந்தக் குழப்பம் தீர்ந்துவிடுகிறது.

அடுத்து, ‘எண்ணம்’ என்றால் மனத்துக்குள் இருப்பது, நீதிமன்றம் அதை எப்படிப் பார்க்கும் என்ற கேள்வி. நல்ல கேள்வி. இங்கே பார்க்கப்படுவது மனம் அல்ல. சூழ்நிலையையும் பேச்சையும் எழுத்தையும் பார்த்து, பொதுவான ஒருவர் அதை எப்படிப் புரிந்துகொண்டிருப்பார் என்பதே அளவுகோல். 1970-இல் மெரிட் வழக்கில் கணவர் வீட்டை விட்டுப் போய்விட்டார். இருவரும் காரில் உட்கார்ந்து பேசினார்கள். வீட்டுக்கடனை நீ அடைத்து முடித்தால் வீட்டை உன் பெயருக்கு மாற்றித் தருகிறேன் என்று அவர் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மனைவி கடனை அடைத்தார், கணவர் கைவிரித்தார். இந்த முறை மனைவிக்கே வெற்றி. பிரிந்துவிட்ட இருவர் கணக்குப் பார்த்து எழுதிக்கொண்டது வெறும் குடும்பப் பேச்சு அல்ல. அந்த நேரத்தில் கணவர் மனத்தில் என்ன நினைத்திருந்தார் என்பது அங்கே தீர்ப்பை முடிவு செய்யவில்லை. இந்த விளக்கத்தைச் சொல்லுக்குள்ளேயே திணிக்க முடியாது. வரையறையில் எழுதுவோம்.

வணிகத்தில் எல்லாம் தலைகீழ். வியாபாரிகள் பேசி முடித்தால் பிணைப்பெண்ணம் உண்டு என்பதே தொடக்க அனுமானம். இல்லை என்பவர்தான் நிரூபிக்க வேண்டும், அது எளிதும் அல்ல. வெளிப்படையாக எழுதிவிட்டால் மட்டும் வழி உண்டு. ரோஸ் அண்ட் ஃபிராங்க் வழக்கில், 1913-இல் எழுதிய விநியோக ஏற்பாட்டில் இது சட்ட ஒப்பந்தம் அல்ல, நாணயத்தை நம்பிய ஏற்பாடு மட்டுமே என்று ஒரு ஷரத்து இருந்தது. அன்று பிரிட்டனின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் அவை அதை ஏற்றது. ஆனால் அந்த ஏற்பாட்டின் கீழ் ஏற்கெனவே ஏற்கப்பட்ட சரக்கு ஆர்டர்கள் தனித்தனி ஒப்பந்தங்கள், அவற்றை மீற முடியாது என்றது. இதை எழுதிப் பார்ப்போம்: ‘பொது ஏற்பாட்டில் பிணைப்பெண்ணம் இல்லை, ஒவ்வொரு ஆர்டரிலும் உண்டு.’ எனக்கு இது தடங்கலின்றி ஓடுகிறது. ‘சட்ட உறவு உருவாக்கும் நோக்கம்’ என்று போட்டு இதே வாக்கியத்தை எழுதிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

‘சட்ட’ என்ற முன்னொட்டு வேண்டாமா என்று கேட்கலாம். முதல் முறை ‘சட்டப் பிணைப்பெண்ணம்’ என்று எழுதிவிட்டு, அப்புறம் சுருக்கமாகச் சொன்னால் போதும்.

வரையறை இப்படி: பிணைப்பெண்ணம் – ஓர் உடன்பாட்டை மீறினால் சட்டப்படி பொறுப்பேற்க வேண்டியிருக்கும் என்று இரு தரப்பினரும் கருதியே அதைச் செய்தார்கள் என, அவர்களது சொல்லிலிருந்தும் செயலிலிருந்தும் சூழலிலிருந்தும் பொதுவான ஒருவர் கொள்ளத்தக்க எண்ணம்.

கொஞ்சம் நீளம்தான். ‘பொதுவான ஒருவர்’ என்ற பகுதியை மட்டும் வெட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மற்றதை யார் சுருக்கினாலும் சரி. மேலே சொன்ன அந்த ஷரத்துக்கு ‘நாணய ஷரத்து’ என்று எழுதினால் காசு என்று பொருள் போய்விடுகிறது. அதற்கு யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் இதே இழையில் இடுங்கள்.