செல்ஃப் சுற்றுகிறது, ஏடிவி எடுக்கவில்லை: உங்கள் அனுபவம்?

மணல்மேடு:
ஷார்ஜா அல் பதாயர் பாலைவனப் பக்கம் குவாட் (நாலு சக்கர மணல் பைக், ஏடிவி என்பதும் இதுதான்) வாடகைக் கடையில் வேலை பார்த்தபோது நடந்தது. பொழுது சாயும் நேரம், மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒருவர் வண்டியோடு கவிழ்ந்துவிட்டார். ஆளுக்கு ஒன்றும் இல்லை. வண்டியை நிமிர்த்தி செல்ஃப் அடித்தால் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் எடுக்கவில்லை. நான் போய்ச் சேர்வதற்குள் கடைப் பையன் சீட்டைக் கழற்றி பிளக் வரை போய்விட்டான். சாவி ஆனிலேயே இருந்தது. ஆஃப் செய்து, கொஞ்சம் விட்டு, மறுபடி ஆன் செய்தேன். இன்ஜெக்‌ஷன் வண்டியில் பெட்ரோல் பம்ப் ‘ங்ங்’ என்று முனகுமே, அது கேட்டது. அடுத்த அடியில் எடுத்துவிட்டது. வண்டி கவிழ்ந்ததும் சாய்வு சென்சார்தான் எஞ்சினை நிறுத்தி வைத்திருக்கிறது, சாவியை ஆஃப் செய்து ஆன் செய்தால்தான் விடுகிறது. அந்த மனிதர் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “சாவியைத் திருப்பத்தான் இவ்வளவு நேரம் நிற்க வைத்தீர்களா?” என்று கேட்டாரே, அது இன்னும் உறுத்துகிறது.

ஈசிஆர் ரைடர்:
எங்களுடையது குழந்தைகள் ஓட்டும் 110 சிசி. ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல கூட்டம், ஒரு வண்டி மட்டும் செத்துக் கிடக்கிறது. பிரேக் பிடித்துத்தான் செல்ஃப் அழுத்துகிறோம், நியூட்ரல் லைட் எரிகிறது, ஃப்யூஸ் சரி. பேட்டரியையும் மாற்றியாயிற்று. பாப்பாவின் அப்பா வேறு பக்கத்தில் நின்று கார்ப் (கார்புரேட்டர்) பற்றி வகுப்பு எடுக்கிறார். அப்புறம் பாப்பாவே சுருள் சுருளான சிவப்புக் கயிற்றை நீட்டி, “அங்கிள், இது கீழே கிடந்துச்சு” என்றாள். பின்னால் மாட்டும் கில் சுவிட்ச் கயிறு! அது கழன்றால் வண்டி எடுக்காது.

சிம்கோ அண்ணை:
சென்சார், கயிறு எல்லாம் சரி தம்பிமார். ஆனால் முதலில் பற்றரியைப் பாருங்கோ. ஒன்ராறியோவில் சிம்கோ ஏரி உறைந்த பிறகு ஐஸ் மீன்பிடிக்குப் போனோம். திரும்புகிற நேரம் பட்டனை அமத்தினால் ரிலே ‘டக் டக்’ என்று அடிக்குது, வேறு சத்தமில்லை. பக்கத்துக் கூடாரக்காரர் கேபிள் தந்தார், வந்து சேர்ந்தோம். அவ்வளவுதான் கதை.
மல்ரிமீற்றர் ஒன்று கட்டாயம் வைத்திருங்கோ. நிறைந்த பற்றரி 12.6 வோல்ற் காட்டும். 12க்குக் கீழே போனால் நம்பாதேங்கோ. மீற்றரை மாட்டியபடியே செல்ஃப் அடிக்க வேணும், 9.6க்குக் கீழே விழுந்தால் பற்றரி சரியில்லை, இல்லாவிட்டால் ரேமினலில் பச்சைப் பாசி. கடுங்குளிரில் பற்றரியின் வலு ஏறக்குறைய பாதியாகும். காரிலிருந்து ஜம்ப் கொடுத்தால் கார் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கொடுங்கோ, கறுப்புக் கிளிப்பை ஃபிரேமில் மாட்டுங்கோ. மாதக்கணக்கில் ஓடாமல் நின்ற வண்டி என்றால் பழைய பெற்றோலை இறக்கிவிட்டு, கார்ப்பில் பைலட் ஜெட்டை (பெற்றோல் போகிற சின்னத் துளைக் குழாய்) கழற்றி ஊதுங்கோ.

மணல்மேடு:
அண்ணே, நான் எழுதியதைப் படித்தீர்களா? செல்ஃப் நன்றாகச் சுற்றியது. டக் டக் என்றால் பேட்டரி, ஒத்துக்கொள்கிறேன். சுற்றுகிற வண்டிக்குப் பேட்டரி மாற்றச் சொன்னால் கடை முதலாளி என்னையல்லவா மாற்றுவார்.

சிம்கோ அண்ணை:
சுற்றினாலும் வோல்ற் இறங்கினால் ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்துகிற கொம்பியூட்டர்) வேலை செய்யாது, தெரியுமோ?

ஓடைக்கரை:
இரண்டு பேரும் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். கூடலூர் பக்கம் ஒரு எஸ்டேட்டில் விருந்தாளி ஓடை நடுவில் வண்டியை இறக்கிவிட்டார். எஞ்சின் நின்றது. விடாமல் செல்ஃப் அழுத்தியிருக்கிறார், ‘டொக்’ என்று ஒரு சத்தத்தோடு அதுவும் நின்றுபோனது. சிலிண்டருக்குள் தண்ணீர். தண்ணீர் அமுங்காது, இன்னும் அழுத்தினால் கனெக்டிங் ராடு வளையும். கரையேற்றி பிளக்கைக் கழற்றி, “தள்ளி நில்லுங்க சார்” என்று சொல்லிவிட்டுத்தான் செல்ஃப் கொடுத்தேன். தள்ளி நிற்கவில்லை. பீய்ச்சிய தண்ணீர் அத்தனையும் அவர் வெள்ளைச் சட்டையில். ஆயிலை இறக்கினால் தண்ணீர் கலந்து பால் டீ மாதிரி வருகிறது. புது ஆயில் ஊற்றி, கொஞ்சம் ஓடவிட்டு, அதையும் இறக்கி மறுபடி ஊற்ற வேண்டியிருந்தது. ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சைப் பிழிந்து காயவைத்தோம். வண்டி பிழைத்தது.
எடுக்கவில்லை என்றால் செல்ஃபை அழுத்திக்கொண்டே இருக்கக் கூடாது என்று யாராவது போர்டு எழுதி மாட்டியிருக்கிறீர்களா?

ஈசிஆர் ரைடர்:
மாட்டியிருக்கிறோம். அதைப் படித்துக்கொண்டே அழுத்துகிறார்கள்.