“இரட்சிக்கப்பட்ட தேதி என்ன?” என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

கேள்வி: நெல்லைச்சீமையான்

நான் பாளையங்கோட்டைப் பக்கத்துச் சி.எஸ்.ஐ. குடும்பத்தில் பிறந்தவன். குழந்தையாக இருந்தபோதே ஞானஸ்நானம் பெற்று, பதினைந்தாம் வயதில் திடப்படுத்தல் ஆராதனையில் பேராயர் கைவைத்து ஜெபிக்க, முதல் திருவிருந்தும் பெற்றவன். என் மனைவியின் வீட்டார் பெந்தெகொஸ்தே சபையினர். திருமணமாகிப் பதினோரு ஆண்டுகளாக என் மாமனார் ஒவ்வொரு விடுமுறைக்கும் அன்போடு கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “மாப்பிள்ளை, நீங்கள் இரட்சிக்கப்பட்ட தேதி என்ன?” எனக்கு அப்படி ஒரு தேதி இல்லை. ஜெபத்தை மறந்து திரிந்த காலம் உண்டு. ஆனால் விசுவாசியாமல் இருந்த நாள் என்று ஒன்று என் நினைவில் இல்லை. அதைச் சொன்னால் அவர் முகம் வாடிவிடுகிறது.

அலுவலகத்தில் என்னுடன் பணிபுரியும் கத்தோலிக்க நண்பரோ இதற்கு நேர்மாறாகக் கேட்கிறார்: “உயிரோடு இருக்கும்போதே ‘இரட்சிக்கப்பட்டேன்’ என்று எப்படி அடித்துச் சொல்ல முடியும்? பசியாயிருந்தவனுக்குப் போஜனம் கொடுத்தாயா என்றுதானே மத்தேயு 25-இல் ஆண்டவர் கேட்கிறார்?” விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள் என்னும் எபேசியர் 2:8-ஐ நான் எடுத்தால், விசுவாசத்தினால் மாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் நீதிமானாக்கப்படுகிறான் என்னும் யாக்கோபு 2:24-ஐ அவர் எடுக்கிறார். விசுவாசம் மட்டும் போதுமா, கிரியைகளும் வேண்டுமா, ஞானஸ்நானம் இல்லாமல் இரட்சிப்பு உண்டா, பெற்றதை இழக்க முடியுமா? ஒரு சபையை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்தாமல், ஒவ்வொரு மரபும் எதன் அடிப்படையில் இப்படிச் சொல்கிறது என்று விளக்க யாராவது முன்வந்தால் நன்றியுள்ளவனாக இருப்பேன்.

பதில்: ஓய்வுபெற்ற வேதபாட ஆசிரியர்

தம்பி, உங்கள் மாமனாரும் உங்கள் நண்பரும் ஒரே சொல்லின் இரண்டு காலங்களைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. பவுல் எபேசியர் 2:8-இல் “இரட்சிக்கப்பட்டீர்கள்” என்று முடிந்துபோன காரியமாக எழுதுகிறார். அதே பவுல் 1 கொரிந்தியர் 1:18-இல் “இரட்சிக்கப்படுகிற நமக்கோ” என்று நிகழ்காலத்தில் எழுதுகிறார். ரோமர் 5:9-இல் கோபாக்கினைக்கு நீங்கலாக இனிமேல் இரட்சிக்கப்படுவது நிச்சயம் என்று எதிர்காலத்திற்குத் தள்ளுகிறார். ரோமர் 13:11-இலோ, நாம் விசுவாசிகளான நாளில் இருந்ததைவிட இப்போது இரட்சிப்பு இன்னும் சமீபமாகியிருக்கிறது என்கிறார். நீதிமானாக்கப்படுதல், பரிசுத்தமாக்கப்படுதல், மகிமைப்படுதல் என்று சீர்திருத்தச் சபைகள் பிரித்துச் சொல்வது இந்த மூன்று காலங்களைத்தான்.

தேதி கேட்கும் பழக்கத்திற்கு ஒரு வரலாறு உண்டு. ஜெர்மனியின் ஹாலே நகரை, தனிமனித மனந்திரும்புதலை வலியுறுத்திய பக்தியியக்கத்தின் மையமாக்கிய ஆகஸ்ட் ஹெர்மான் ஃபிராங்கே, 1687-இல் லூனெபுர்க்கில் சந்தேகத்தோடு போராடி ஒரே இரவில் நிச்சயம் பெற்றவர்; மனந்திரும்புதல் என்றால் அத்தகைய போராட்டம் ஒன்று இருக்கவேண்டும் என்னும் எண்ணம் அவரைச் சுற்றி வேரூன்றியது. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் அந்த ஹாலேயின் வார்ப்பு. ஆகவே தமிழ்நாட்டுச் சீர்திருத்தக் கிறிஸ்தவத்தின் தொட்டிலிலேயே இந்தக் கேள்வியும் கிடந்தது எனலாம். மெதடிஸ்டு இயக்கத்தின் தந்தை ஜான் வெஸ்லியோ நாளை மட்டுமல்ல, மணியையும் குறித்துவைத்தார்: 1738 மே 24, இரவு ஒன்பது மணிக்குக் கால் மணி நேரம் முன்பு, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ரோமர் நிருபத்திற்கு லூத்தர் எழுதிய முன்னுரை வாசிக்கப்பட்டபோது. அதற்கு ஏறத்தாழப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே அவர் குருப்பட்டம் பெற்றவர், ஜார்ஜியாவுக்கு மிஷனரியாகவும் போய்வந்தவர் என்பதையும் சேர்த்தே நினைக்கவேண்டும்.

ஆனால் தேதி இல்லாதவர்களும் வேதத்தில் இருக்கிறார்கள். தீமோத்தேயுவிடம் இருந்த விசுவாசம் முதலில் பாட்டி லோவிசாளிடத்திலும் தாய் ஐனிக்கேயாளிடத்திலும் நிலைத்திருந்தது என்றும், அவன் சிறுவயதுமுதல் வேத எழுத்துக்களை அறிந்தவன் என்றும் பவுல் எழுதுகிறாரே தவிர, எந்த நாளில் மனந்திரும்பினாய் என்று அவனிடம் கேட்கவில்லை. நீங்கள் தீமோத்தேயுவின் வகை என்று மாமனாரிடம் சொல்லிப் பாருங்கள்.

பவுலும் யாக்கோபும் மோதும் இடத்திற்கு வருகிறேன். இருவருமே ஆபிரகாமைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள். ரோமர் 4-இல் பவுல் முன்வைப்பது ஆதியாகமம் 15. அப்போது ஈசாக்கு பிறக்கவில்லை, விருத்தசேதனமும் நடக்கவில்லை, வாக்குத்தத்தத்தை நம்பியது ஒன்றே அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது. யாக்கோபு முன்வைப்பது ஆதியாகமம் 22; ஈசாக்கைப் பலிபீடத்தில் கிடத்திய நாள், அதாவது அந்த விசுவாசம் பல ஆண்டுகள் கழித்துச் செயலில் வெளிப்பட்ட நாள். பவுல் மறுப்பது ‘நியாயப்பிரமாணத்தின் கிரியைகளை’. யாக்கோபு கண்டிப்பது பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன என்னும் அளவிலான வெற்று ஒப்புதலை. இருந்தும், ‘விசுவாசத்தினால் மாத்திரம்’ என்னும் தொடர் வேதத்தில் வருவது யாக்கோபில் மட்டுமே, அதுவும் ‘அல்ல’ என்னும் மறுப்போடு என்பதை நம்மவர்கள் மறைக்கக் கூடாது. ரோமர் 3:28-இல் லூத்தர் தம் 1522 ஜெர்மன் மொழிபெயர்ப்பில் ‘மட்டுமே’ என்று பொருள்படும் சொல்லைச் சேர்த்தார். நம் பழைய தமிழ் வேதாகமத்தில் அந்தச் சொல் இல்லை.

நம் ஊர் உவமை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சரணாகதியைப் பற்றி வைணவத்தில் தென்கலையார் பூனைக்குட்டியையும் வடகலையார் குரங்குக்குட்டியையும் காட்டுவார்கள். தாய்ப்பூனை குட்டியைத் தானே கவ்விக்கொண்டு போகும். குரங்குக்குட்டியோ தாயின் வயிற்றை இறுகப் பற்றிக்கொள்ளவேண்டும். லூத்தரன் போதனை பூனைக்குட்டியின் பக்கமும் கத்தோலிக்கப் போதனை குரங்குக்குட்டியின் பக்கமும் சாய்கின்றன.

பதில்: திருச்சி மறைமாவட்டத்தான்

ஆசிரியர் ஐயாவின் விளக்கத்தை மதிக்கிறேன். ஆனால் குரங்குக்குட்டி உவமையை அப்படியே ஏற்க முடியாது. பற்றிக்கொள்ளும் கைவலிமையும், பற்றவேண்டும் என்ற விருப்பமும்கூட இறையருளே தருவது என்பதுதான் கத்தோலிக்கத் திருச்சபையின் போதனை. நம்பிக்கையின் தொடக்கம்கூட மனிதனிடமிருந்து வருவதில்லை என்று 529-இல் பிரான்சின் ஆரஞ்சு நகரில் கூடிய திருச்சபைச் சங்கமே தீர்த்துச் சொல்லிவிட்டது. லூத்தரின் சீர்திருத்தத்திற்குப் பதிலாக எங்கள் திருச்சபை கூட்டிய திரெந்துப் பொதுச்சங்கம் 1547 ஜனவரி 13 அன்று வெளியிட்ட 33 விதிகளில் முதலாவதே, கிறிஸ்துவின் அருளின்றித் தன் செயல்களாலேயே மனிதன் கடவுளுக்கு ஏற்புடையவனாகலாம் என்போரைத்தான் சபிக்கிறது. ‘கத்தோலிக்கர்கள் புண்ணியம் சேர்த்து மோட்சம் வாங்கப் பார்க்கிறார்கள்’ என்று மேடைகளில் பேசுகிறவர்கள் இந்த முதல் விதியை வாசித்திருக்கமாட்டார்கள்.

அதே சங்கத்தின் ஒன்பதாம் விதி, வேறெந்த ஒத்துழைப்பும் தேவையில்லை என்று பொருள்படும்படி ‘நம்பிக்கையால் மட்டுமே’ என்போரையும் சபிக்கிறது என்பது உண்மை. இங்குதான் வேறுபாடு தொடங்குகிறது. லூத்தரன் பார்வையில் நீதிமானாக்குதல் என்பது நீதிமன்றத்தில் வாசிக்கப்படும் தீர்ப்பைப் போன்றது. கிறிஸ்துவின் நீதி பாவியின் கணக்கில் எண்ணப்படுகிறது. எங்கள் பார்வையில் அது மருத்துவத்தையும் உள்ளடக்கியது. அருள் ஆன்மாவுக்குள் ஊற்றப்பட்டு மனிதனை உண்மையிலேயே நீதிமானாக மாற்றுகிறது. முழு அறிவோடும் முழுச் சம்மதத்தோடும் கனமான காரியத்தில் செய்யும் சாவான பாவத்தால் அந்த உயிர்நிலையை இழக்கலாம். ஒப்புரவு அருள்சாதனத்தில் திரும்பப் பெறலாம். ஆகவே உங்கள் நண்பர் தேதி சொல்லத் தயங்குவது அவநம்பிக்கையினால் அன்று. தனி வெளிப்பாடு இல்லாமல், தவறவே முடியாத உறுதியோடு ‘நான் அருள்நிலையில் இருக்கிறேன்’ என்று யாரும் அறிய முடியாது என்பது திரெந்தின் போதனை. நம்பிக்கையோடு எதிர்நோக்குவது எங்கள் வழக்கம்.

சொற்களும் நம்மைப் பிரிக்கின்றன. நீங்கள் இரட்சிப்பு, கிருபை, விசுவாசம், நீதிமானாக்கப்படுதல் என்கிறீர்கள். 1995-இல் வந்த திருவிவிலியத்தில் அவை மீட்பு, அருள், நம்பிக்கை, கடவுளுக்கு ஏற்புடையவராதல். ஒரே வசனத்தை இருவர் வாசித்தாலும் இரண்டு வசனங்கள்போல் காதில் விழுகிறது. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் உலக லூத்தரன் சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் கூட்டு அறிக்கை ஒன்றில் கையெழுத்திட்டன: நம் தகுதியினால் அல்ல, அருளினால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் கொண்ட நம்பிக்கையில் கடவுள் நம்மை ஏற்கிறார், நற்செயல்களுக்கும் அழைக்கிறார் என்பது அதன் சாரம். மெதடிஸ்டுகள் 2006-இலும், கால்வின் மரபைச் சேர்ந்த சீர்திருத்தச் சபைகளின் உலக ஐக்கியம் 2017-இலும் அதில் இணைந்தன. அமெரிக்காவின் மிசூரி லூத்தரன் சபை ஏற்கவில்லை. எல்லாம் தீர்ந்துவிடவும் இல்லை. ஞானஸ்நானம் பெற்றவரில் எஞ்சியிருக்கும் தீய நாட்டத்தை லூத்தரன் மரபு பாவம் என்றே அழைக்கும், நாங்கள் அப்படி அழைப்பதில்லை.

பதில்: பெந்தெகொஸ்தே விசுவாசி

சகோதரருக்கு ஸ்தோத்திரம். தேதி கேட்பவர்கள் தரப்பிலிருந்தும் ஒருவர் பேசவேண்டும் அல்லவா? மனந்திரும்பிய வரிவசூலிப்பவன் சகேயுவிடம் ஆண்டவர் “இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது” என்றார். அந்த ‘இன்றைக்கு’ என்னும் சொல்லைத்தான் நாங்கள் தேடுகிறோம். உங்கள் மாமனார் கேட்பது பஞ்சாங்கக் கணக்கை அன்று. பிறந்த குடும்பத்தினாலும் சபைப் பதிவேட்டினாலும் கிறிஸ்தவராக இருப்பதற்கும், மறுபடியும் பிறந்திருப்பதற்கும் உள்ள வேறுபாட்டையே அவர் கேட்கிறார். இந்தியச் சபைகளில் பெயருக்குக் கிறிஸ்தவர்களாக இருப்போர் எத்தனை பேர் என்பதை அறிந்தவர்கள் அந்தக் கேள்வியை அவமதிப்பாகக் கருதமாட்டார்கள். பிறந்தநாள் நினைவில் இல்லாதவனும் உயிரோடுதான் இருக்கிறான் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன்; ஆனால் உயிர் இருப்பதற்கு அடையாளம் இருக்கவேண்டும்.

ஞானஸ்நானத்தைப் பற்றி எங்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. பெரும்பாலான பெந்தெகொஸ்தே சபைகளும் பாப்திஸ்து சபைகளும், இரட்சிக்கப்பட்டவன் கீழ்ப்படிதலாக எடுக்கும் சாட்சியே ஞானஸ்நானம் என்று போதிக்கின்றன. ரோமப் படைத்தலைவன் கொர்நேலியுவின் வீட்டாருக்கு முதலில் பரிசுத்த ஆவி அருளப்பட்டது, பிறகே தண்ணீர் என்று அப்போஸ்தலர் 10 கூறுகிறது. சிலுவையில் மனந்திரும்பிய கள்வனுக்குத் தண்ணீரே கிடைக்கவில்லை. ஆனால் ‘இயேசுவின் நாமத்தில் மட்டும்’ என்று போதிக்கும் ஒருத்துவ சபைகள் அப்போஸ்தலர் 2:38-ஐக் காட்டி, பாவமன்னிப்புக்கே ஞானஸ்நானம் அவசியம் என்கின்றன. இந்த ஒரு காரியத்தில் அவர்கள் எங்களைவிடக் கத்தோலிக்கருக்கும் லூத்தரன்களுக்கும் அருகில் நிற்கிறார்கள் என்பதை யோசித்தால் வியப்பாக இருக்கிறது.

பதில்: சீர்திருத்த வாசகன்

இழக்க முடியுமா என்ற கேள்வியைத் திருச்சி நண்பர் தவிர யாரும் தொடவில்லை. 1610-இல் நெதர்லாந்தில், இறையியலாளர் ஆர்மீனியஸைப் பின்பற்றியவர்கள் சமர்ப்பித்த ஐந்து கட்டுரைகளின் கடைசிக் கட்டுரை, இதை வேதத்திலிருந்து மேலும் ஆராயவேண்டும் என்று திறந்தே விட்டது. அவர்களுக்குப் பதில் சொல்ல 1618-19-இல் கூடிய, கால்வின் மரபினரின் டோர்ட் சங்கமோ, தேவன் தெரிந்துகொண்டவர்கள் விழுந்தாலும் முற்றிலும் விழுந்துபோகாமல் காக்கப்படுவார்கள் என்று தீர்த்தது. ‘என் கையிலிருந்து அவைகளை ஒருவனும் பறித்துக்கொள்வதில்லை’ என்னும் யோவான் 10:28 அதன் அரண். வெஸ்லி எபிரெயர் 6:4-6-ஐக் காட்டி, இழக்க முடியும் என்றார். டோர்ட்டின் போதனையையும் ‘ஒருமுறை கையை உயர்த்திவிட்டேன், இனி எப்படி வாழ்ந்தாலும் கவலையில்லை’ என்னும் மேடைப் பேச்சையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். கடைசிவரை நிலைத்திராதவன் தொடக்கத்திலேயே உண்மையாகப் பெற்றிருக்கவில்லை என்பது டோர்ட் மரபினரின் பார்வை.

நீங்கள் சி.எஸ்.ஐ. என்பதால் ஒரு சுவையான செய்தி. 1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, தென்னிந்திய ஐக்கிய சபை ஆகியவை இணைந்தபோது, வெஸ்லியின் பிள்ளைகளும் கால்வினின் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் அமர்ந்தார்கள். திருநெல்வேலியின் வேர் ஆங்கிலிக்கன். அந்த மரபின் 39 விசுவாசப் பிரமாணக் கட்டுரைகளில் 11-ஆவது, விசுவாசத்தினால் மட்டுமே நீதிமானாக்கப்படுகிறோம் என்கிறது. 12-ஆவது, உயிருள்ள விசுவாசத்திலிருந்து நற்கிரியைகள் தவறாமல் முளைக்கும் என்கிறது. 16-ஆவது, பரிசுத்த ஆவியைப் பெற்ற பின்னும் கிருபையிலிருந்து விலகிப் பாவத்தில் விழலாம், மீண்டும் எழலாம் என்கிறது. நீங்கள் வளர்ந்த வீட்டிலேயே பதில் எழுதி வைக்கப்பட்டிருந்தது.

நெல்லைச்சீமையான்

அனைவருக்கும் நன்றி. திடப்படுத்தல் வகுப்பில் அந்தக் கட்டுரைகளைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்ட நினைவில்லை. மனப்பாடம் செய்த ஞானோபதேச வினாவிடை மட்டும் நினைவிருக்கிறது. தீமோத்தேயுவைப் பற்றி நேற்றிரவு தொலைபேசியில் மாமாவிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சரி மாப்பிள்ளை, தேதியை விட்டுவிடுகிறேன், ஆனால் முழுக்கு ஞானஸ்நானம் எப்போது எடுக்கப்போகிறீர்கள்?” என்றார். மீண்டும் ஒருமுறை எடுப்பது பாவமா?

ஓய்வுபெற்ற வேதபாட ஆசிரியர்

நம் சபையின் பார்வையில் அது கூடாது, தம்பி. எபேசியர் 4:5 ‘ஒரே ஞானஸ்நானம்’ என்கிறது. 1982-இல் லீமாவில் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் குழு நிறைவுசெய்த ஆவணமும் அதைத் திரும்பச் செய்யக்கூடாத செயல் என்றே கூறுகிறது. குழந்தைக்கு அளிக்கப்படுவது தேவன் கொடுக்கும் வாக்கு. குழந்தைக்குப் புரியவில்லை என்பதால் அந்த வாக்கு செல்லாமல் போகாது. மறுபடி எடுத்தால், அன்று அவர் கொடுத்ததை நீங்கள் பொய்யாக்குவதாகும்.

பெந்தெகொஸ்தே விசுவாசி

ஆசிரியர் ஐயா மன்னிக்கவேண்டும். நாங்களும் எபேசியர் 4:5-ஐ நம்புகிறோம். ஒருவருக்கு இரண்டு ஞானஸ்நானம் கொடுப்பதாக நாங்கள் நினைப்பதில்லை. விசுவாசித்து அறிக்கைசெய்தவன் பெறுவதே ஞானஸ்நானம் என்பதால், சகோதரர் எடுக்கப்போவது எங்கள் கணக்கில் அவருடைய முதலாவது. இந்தப் புள்ளியில் சொற்களைப் பொருத்திப் பார்த்துச் சமரசம் செய்ய வழியில்லை. மாமனார் மருமகன் இருவரில் ஒருவர் மனம் மாறவேண்டும், அல்லது இப்படியே ஒரே மேசையில் உண்ணப் பழகவேண்டும்.