மறு: டைட்டில் சீக்வென்ஸுக்குத் தமிழில் என்ன? ‘திரைப்பாயிரம்’, ‘வருபொருள்’

குழுவில் எல்லாருக்கும் வணக்கம்.

படத்தின் தொடக்கத்தில் பெயர்களோடு வரும் வடிவமைத்த பகுதியான டைட்டில் சீக்வென்ஸுக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழை முழுவதையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். இதுவரை வந்திருக்கும் சொற்கள்: தொடக்க வரவுகள், தலைப்புத் தொடர், எழுத்தோட்டம், வருபொருள், பாயிரம். இதில் ‘தொடக்க வரவுகள்’ வேண்டாம். வரவு என்பது பேரேட்டில் செலவுக்கு எதிர்ப்பக்கம் எழுதுவது. ஒளிப்பதிவாளர் பெயரைத் திரையில் போடுவதற்கும் அதற்கும் தொடர்பே இல்லை. ‘தலைப்புத் தொடர்’ என்றால் ஏதோ டிவி தொடரின் பெயர் என்றே படிக்கத் தோன்றும்.

மீதி மூன்றும் நல்ல சொற்கள். ஆனால் மூன்றும் மூன்று வேறு பொருள்களைக் குறிக்கின்றன. ஒரே பொருளுக்குப் பெயர் தேடுவதாக நினைத்துக்கொண்டு நாம் சண்டை போடுகிறோம்.

> டூரிங் கொட்டகையில் ‘விநாயகனே வினை தீர்ப்பவனே’ ரெக்கார்டு முடியும். வெளியே நிற்கிறவன் எல்லாம் ‘எழுத்து போட்டுட்டான், வெரசா வாங்கலே’ என்று ஓடுவான். இதைவிட வேறு சொல் எதற்கு?

அண்ணாச்சி, அம்பாசமுத்திரம் பக்கம் பெரியவர்கள் இன்றும் ‘எழுத்து போட்டாச்சா’ என்றுதான் கேட்கிறார்கள். அந்தச் சொல்லை நாம் விடக்கூடாது. ஆனால் அது திரையில் பெயர்கள் வருவதை மட்டும்தான் சொல்கிறது. எழுத்து போடும்போது பின்னால் என்ன நடக்கிறது, அது பார்க்கிறவனை என்ன செய்கிறது என்பது அதற்குள் வரவில்லை. பேசத் தொடங்கியதே அதைப் பற்றித்தானே.

1995இல் வந்த ‘செவன்’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு சின்னக் காட்சி, அப்புறம் எழுத்து. கைல் கூப்பர் செய்தது. யாரோ ஒருவனுடைய விரல்கள் நோட்டுப் புத்தகம் தைக்கின்றன, வரிகளைக் கறுப்பு மையால் அடிக்கின்றன, பிளேடால் விரல் நுனித் தோலைச் சீவுகின்றன. முகம் வருவதில்லை. பெயர்கள் கையால் கீறிய எழுத்தில் நடுங்குகின்றன, துள்ளுகின்றன, படிக்கும் முன்னே மறைகின்றன. அந்த விரல்களுக்கு உரிய கொலைகாரனைப் படத்தில் நெடுநேரம் கழித்துத்தான் பார்க்கிறோம். போலீஸ்காரர்கள் அவன் வேலையை ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கிறார்கள். நமக்கோ, அவன் எவ்வளவு பொறுமைசாலி என்பது முதலிலேயே தெரிந்துவிட்டது. இதை ‘எழுத்து’ என்ற சொல்லால் எப்படிச் சொல்வது?

1960இல் வந்த ‘சைக்கோ’வில் அந்த விரல்கள்கூட இல்லை. சால் பாஸ் வடிவமைத்த தொடக்கத்தில் கத்தி இல்லை, ரத்தம் இல்லை, முகம் இல்லை. பட்டைகள் குறுக்கிலும் நெடுக்கிலும் ஓடுகின்றன. பெயர்கள் துண்டாகி விலகி நிற்கின்றன, ஒரு கணம் சேர்கின்றன, மறுபடி உடைகின்றன. படம் முழுவதுக்கும் இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் பயன்படுத்தியது தந்தி வாத்தியங்கள் மட்டும்தான். ஆனாலும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறோம்.

இது எப்படி நடக்கிறது? எழுத்தைக் கண்டால் படிக்காமல் இருக்கக் கண்ணுக்குத் தெரியாது. படித்து முடிக்கும் முன்னே எழுத்தை உடைத்தால் கண் தவிக்கும். பட்டை அடுத்து எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று சொல்ல முடியாது, ஆனால் இசையின் தாளம் மட்டும் விடாமல் விரட்டிக்கொண்டே இருக்கிறது. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் இடம் நான்கு என்கிறார்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. நான்கும் எதிரே வந்து நிற்பவை. டைட்டிலில் வரும் அச்சத்துக்கு எதிரே நிற்க யாரும் இல்லை. அச்சம் முதலில் வந்துவிடுகிறது, ஆள் பிறகு வருவான்.

‘சைக்கோ’வின் அதே டைட்டில் இசை கதைக்குள் திரும்ப வருகிறது, எங்கே என்று பாருங்கள். 40,000 டாலரைத் திருடிக்கொண்டு ஒரு பெண் காரில் போகிறாள். காட்சியில் நடப்பது அவ்வளவுதான்: ரோடு, ஸ்டியரிங், அவள் முகம், அப்புறம் மழை. ஆனால் இசை தொடங்கியதும் நமக்குக் கை வேர்க்கிறது. டைட்டிலில் கற்றுக்கொடுத்ததை இங்கே வசூல் செய்கிறார்கள்.

இனி தென்காசி அக்கா சொன்னது.

> வில்லிசையில் வருபொருள் உரைத்தல் இருக்கிறதே. கதைக்கு முன்னால் கதையைக் காட்டுவது. அதையே எடுத்துக்கொள்ளலாமே.

அக்கா, இந்த இழையில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது நீங்கள் சொன்ன சொல்தான். வெளியூர் நண்பர்களுக்காக முறையைச் சொல்லிவிடுகிறேன்: காப்பு, வருபொருள் உரைத்தல், குருவடி பாடுதல், அவையடக்கம், நாட்டுவளம், அதற்குப் பிறகுதான் கதை, முடிவில் வாழி. வருபொருளில் இன்ன கதை பாடப் போகிறோம் என்று நேராகச் சொல்லிவிடுவார்கள். அதனால்தான் நேற்று ஒருவர், ‘த்ரில்லரில் எதையும் முன்கூட்டிச் சொல்லக்கூடாது, ஆகவே இந்தச் சொல் பொருந்தாது’ என்று எழுதினார்.

அந்த மறுப்பை நான் ஏற்கவில்லை. சுடலைமாடன் கோயில் கொடை விழாவுக்கு வந்து உட்காரும் கூட்டத்தில் சுடலைக் கதை தெரியாதவர் யார்? எல்லாருக்கும் அடுத்தது என்ன என்று தெரியும். கொடையில் நடக்கும் கணியான் கூத்தில் மந்த மகுடம், உச்ச மகுடம் என்ற இரண்டு பறைகளும் ஒன்றையொன்று துரத்தத் தொடங்கி, தலைமைப் பாடகரான அண்ணாவி வாய் திறக்கும் முன்னே உடம்பு சிலிர்க்கிறது. குழந்தைகள் அம்மா மடியைப் பிடித்துக்கொள்கின்றன. முடிவு தெரியாததால் வருவது மட்டும்தான் திகில் என்றால், இத்தனை தலைமுறை கொடை பார்த்தவர்களுக்கு எதுவும் ஆகியிருக்கக் கூடாது. வருகிறது என்று தெரிந்தும் அது இன்னும் வராமல் இருக்கும் நேரம்தான் நெஞ்சைப் பிடிக்கிறது. நல்ல டைட்டில் அந்த நேரத்தை உண்டாக்கித் தருகிறது.

ஆனாலும் முழுவதற்கும் ‘வருபொருள்’ என்று பெயர் வைக்க எனக்கு மனமில்லை. அதைவிடத் துல்லியமான ஒன்றுக்கு அது தேவைப்படுகிறது. 1958இல் வந்த ‘வெர்டிகோ’வில் ஒரு பெண்ணின் முகம், உதடு, அப்புறம் கண். அந்தக் கண்ணுக்குள்ளிருந்து சுழல் வடிவங்கள் எழுந்து வருகின்றன. ஜான் விட்னி, இரண்டாம் உலகப் போரில் விமான எதிர்ப்புப் பீரங்கிக்குக் குறிபார்த்துக் கொடுத்த கணக்கீட்டு எந்திரத்தைக் கொண்டு அவற்றை வரைந்தார். பிறகு கதைக்குள் அந்தச் சுழல் ஒரு பெண்ணின் கொண்டையாக வருகிறது, மணிக்கூண்டின் படிக்கட்டாக வருகிறது. இப்படி டைட்டிலில் ஒரு தடவை காட்டி, கதையில் திரும்ப வரும் உருவத்துக்கோ ஒலிக்கோ தமிழில் இதுவரை பெயர் இல்லை. ‘வெர்டிகோ’வின் வருபொருள் சுழல். ‘சைக்கோ’வின் வருபொருள் அந்த வெட்டும் இசை. ‘செவன்’ படத்தின் வருபொருள் நோட்டுப் புத்தகங்கள். சொல்லிப் பாருங்கள், இயல்பாக உட்காருகிறது.

முழுவதற்கும் என் பரிந்துரை ‘திரைப்பாயிரம்’. பாயிரம் என்றால் நூலுக்கு முன்னால் வரும் முகவுரை. பாயிரம் பண்டிதர் சொல், பிள்ளைகள் நாவில் நிற்காது என்று எழுதியவர்களுக்கு என் பதில் இது.

நன்னூல் சிறப்புப் பாயிரத்தில் என்னென்ன வர வேண்டும் என்று சொல்கிறது: ‘ஆக்கியோன் பெயரே வழியே எல்லை நூற்பெயர் யாப்பே நுதலிய பொருளே கேட்போர் பயன்’. அதாவது செய்தவன் பெயரும் படைப்பின் பெயரும் அதன் பொருளும் ஒரே இடத்தில் வர வேண்டும். டைட்டில் செய்வதும் அதே வேலைதான். வேறு எந்தச் சொல்லும் பெயரையும் பொருளையும் இப்படிச் சேர்த்துப் பிடிக்கவில்லை. ‘எழுத்து’ பெயரோடு நின்றுவிட்டது, ‘வருபொருள்’ பொருளோடு நின்றுவிட்டது. ‘வழி’ என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். 2017இல் வந்த ‘விக்ரம் வேதா’ தொடக்கத்திலேயே வேதாளக் கதையை வரைகலையில் காட்டி, தான் எதன் வழி வந்தது என்று சொல்லிவிடுகிறது.

இன்னொன்று இதைவிட முக்கியம். நூலாசிரியன் தன் நூலுக்குத் தானே சிறப்புப் பாயிரம் எழுதக்கூடாது, தன்னைத் தானே புகழ்வதாகிவிடும் என்கிறது நன்னூல். அவனுடைய ஆசிரியர், உடன் கற்றவர், மாணாக்கர், உரைகாரர் ஆகியோரில் ஒருவர் எழுத வேண்டும். தொல்காப்பியத்துக்குப் பாயிரம் தந்தவர் பனம்பாரனார், தொல்காப்பியரோடு உடன் பயின்றவர். டைட்டிலும் அப்படித்தான் வளர்ந்தது. ‘சைக்கோ’ ஹிட்ச்காக்கின் படம், அதன் தொடக்கம் பாஸுடையது. ‘செவன்’ டேவிட் ஃபின்சரின் படம், அதன் தொடக்கம் கூப்பருடையது. படத்தை முழுக்க உள்வாங்கிய இன்னொருவர் ஓரிரு நிமிடத்தில் அதற்கு வாசல் வைக்கிறார். அவரைத் ‘திரைப்பாயிரக்காரர்’ என்று சொல்லலாம். பெயரும் மதிப்பும் கிடைக்காத தொழிலாக நம் ஊரில் இது இருப்பது எனக்கு வருத்தம். சொல் வந்தால் ஆளும் கண்ணுக்குத் தெரிவார்.

எல்லாப் படத்துக்கும் பாயிரம் இருக்க வேண்டியதில்லை. 1958இல் வந்த ‘டச் ஆஃப் ஈவில்’ காரில் வெடிகுண்டு வைப்பதில் தொடங்குகிறது. வெட்டே இல்லாமல் மூன்று நிமிடத்துக்கு மேல் கேமரா அந்தக் காரோடு ஊரைச் சுற்றுகிறது. ஸ்டூடியோ அதன்மேல் பெயர்களைப் போட்டுவிட்டது. இயக்குநர் ஆர்சன் வெல்ஸ் விட்டுச் சென்ற குறிப்புகளை வைத்து 1998இல் மறுபடி தொகுத்தபோது பெயர்களை எடுத்துவிட்டார்கள். எடுத்ததும் குண்டு மட்டும்தான் மனதில் நிற்கிறது. அங்கே இருந்தது எழுத்து, பாயிரம் இல்லை. இரண்டு சொல் இருப்பதால்தான் இதை இவ்வளவு எளிதாகச் சொல்ல முடிகிறது.

நம் தியேட்டரில் ஒரு தனிச் சிரமம் உண்டு. சென்சார் சான்றிதழ், 30 வினாடிப் புகையிலை எச்சரிக்கை, கம்பெனி முத்திரைகள், நன்றி அறிவிப்பு எல்லாம் கடந்துதான் படம் தொடங்குகிறது. அதுவரை சிதறிக் கிடக்கும் கவனத்தைப் பாயிரம் ஒன்றாகக் கூட்ட வேண்டும்.

அப்புறம், பாளையங்கோட்டையில் என்னிடம் காட்சித் தொடர்பியல் படிக்கும் பிள்ளைகளோடு பேசும்போது வந்த ஒரு விஷயம். சால் பாஸைப் பார்த்து அப்படியே தமிழ் எழுத்தைக் குறுக்கே வெட்டினால் வேலைக்காகாது. நம் எழுத்தில் புள்ளியும் இகர, ஈகாரச் சுழிகளும் உச்சியில் இருக்கின்றன. மேல்பகுதியை நகர்த்தினால் ‘பல்’ ‘பல’ ஆகிவிடும், ‘கண்’ ‘கண’ ஆகிவிடும். இதைக் குறை என்று நினைக்காமல் பயன்படுத்த வேண்டும். புள்ளியைத் தாமதமாகக் கொண்டு வாருங்கள், சொல் கண்ணெதிரே மாறும். 1979இல் வந்த ‘ஏலியன்’ படத்தில் தலைப்பு ஒவ்வொரு கோடாக மெல்ல உருவாகும், என்ன எழுத்து என்று வெகுநேரம் பிடிபடாது. தமிழில் அதை இன்னும் நன்றாகச் செய்யலாம். ‘ட’ போல ஒரு கோடு தோன்றினால் அது ட ஆகவே நிற்கலாம், ப ஆகலாம், ம ஆகலாம், ய ஆகலாம், கீழே வளைந்து ழ ஆகலாம். ஒரு கோட்டிலேயே இத்தனை ஐயம் கிடைக்கிறது. இப்படி அசைந்து உருவாகும் எழுத்துக்கு ‘நகரெழுத்து’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். ‘நகர’ எழுத்து என்று தவறாகப் படிக்க இடமிருக்கிறது. இதைவிட நல்லது யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.

அகராதிப் பக்கத்தில் ஏற்ற இப்படி எழுதலாம் என்று நினைக்கிறேன். எழுத்து: திரையில் கலைஞர்கள் பெயர்கள் வருவது, பேச்சு வழக்கு ‘எழுத்து போடுதல்’. திரைப்பாயிரம்: பெயர்களையும் படத்தின் உணர்வுநிலையையும் சேர்த்து, கதைக்கு முன்னோ தொடக்கக் காட்சிக்குப் பின்னோ வரும் வடிவமைத்த பகுதி. வருபொருள்: திரைப்பாயிரத்தில் தோன்றிக் கதைக்குள் திரும்ப வரும் உருவம், ஒலி, அசைவு. அண்ணாச்சிக்கும் அக்காவுக்கும் சம்மதம் என்றால் இந்த வாரமே ஏற்றிவிடலாம்.

முடிவில் வரும் பெயர்களுக்கு ‘வாழி’ என்று வைக்கலாம் என இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். அதற்கு மட்டும் நான் உடன்பட மாட்டேன். வாழி என்பது கேட்டவர்களையும் ஊரையும் வாழ்த்தி, பயத்தை இறக்கி வைத்து வீட்டுக்கு அனுப்புவது. ‘செவன்’ முடிவில் பெயர்கள் வழக்கத்துக்கு மாறாக மேலிருந்து கீழே இறங்குகின்றன, பயத்தை இறக்கி வைக்க அந்தப் படத்துக்கு விருப்பமே இல்லை. அதற்கு இப்போதைக்கு ‘இறுதி எழுத்து’ போதும்.